மெராவ்கே எவ்வளவு தூரம்

பாங்குருரான், சாமோசிர் தீவு
1995 மார்ச் 6

இத்தோ தியுர்மாவுக்கு,

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் கூப்பிட நம் பாத்தாக் மொழியில் இருக்கும் ஒரே சொல் இது. இதை எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. உன் விலாசத்தை உன் பழைய தோழி ரொத்துவாவிடம் கேட்டு வாங்கினேன். கொடுப்பதற்கு முன் அவள் என்னை வெகுநேரம் வாசலிலேயே நிற்க வைத்தாள்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. மேடானுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். மேடு ஏறக் கூடாது, உப்பு கூடாது, கள் கூடவே கூடாது என்றார் டாக்டர். முதல் இரண்டுக்கும் அப்பா தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டதும் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உன்னைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. ஆனால் போன வாரம் என் மகனின் பள்ளிக்கூட வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடான்ல விமானம் ஏறினா மெராவ்கேவுக்கு எத்தனை மணி நேரம்டா?"

"மணிக்கணக்கு இல்லப்பா. ரெண்டு நாள் ஆகும். நேராப் போற விமானம் கிடையாது. வழியில நாலு இடத்துல எறங்கி எறங்கி ஏறணும்."

"ரெண்டு நாளா? ஒரே நாடுதானே இது?"

கட்டைவிரலை மேடானில் வைத்து, கையை முழுக்க விரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் கடலில் எங்கேயோ நின்றது. வரைபடத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு எனக்குப் படகில் வேலை ஓடவில்லை. இப்போதும் ஏரியில் பயணிகள் படகுதான் ஓட்டுகிறேன்.

வரச் சொல்லிக் கேட்கவில்லை. அம்மா இறந்தபோது சவப்பெட்டியை மூடாமல் இரண்டு நாள் வைத்திருந்தோம். வருகிறவர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். நீ வரவில்லை. இந்த முறையும் வருவதாக இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு. இன்னொரு தடவை ஊர் முன்னால் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

மருலாக்

*

மெராவ்கே
1995 மார்ச் 27

இத்தோ,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். விமான நிலையத்துக்கு எதிரே சோற்றுக்கடை வைத்திருக்கிறேன். சாப்பிட வந்தவர்களுக்கு அன்று சோறு பரிமாறியது என் வீட்டுக்காரர் பின்சார்தான். நான் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது நான் வரவில்லை என்று?

ரொத்துவா அடித்த தந்தி கிடைத்த அன்றே புறப்பட்டேன். என் மகள் நவுலி அப்போது கைக்குழந்தை. அவளைத் தூளியோடு தோளில் கட்டிக்கொண்டு ஜயபுரா வந்தேன். அங்கிருந்து பியாக். பியாக்கில் மழை இறங்கியது. ஓடுபாதையே தெரியவில்லை, விமானம் கிளம்பாது என்றார்கள். அன்றைக்கும் கிளம்பவில்லை, மறுநாள் பொழுது சாயும்வரையும் கிளம்பவில்லை. உஜுங் பாண்டாங் வந்து சேர்ந்ததும் தொலைபேசிக் கடையைத் தேடி ஓடினேன். நம் வீட்டுக்கு ஏது தொலைபேசி? பெரியப்பா மகன் போலினின் அரிசிக் கடைக்குப் போட்டேன்.

"தியுர்மாவா? எங்க இருந்து பேசற? அம்மாவ நேத்தே மண்ணுல வச்சாச்சும்மா. இனி வந்து என்ன பண்ணப்போற?"

போனை வைத்துவிட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் வேறு. வந்த வழியே திரும்பிவிட்டேன். பாதி தூரம் வந்தேன், இத்தோ. அம்மாவுக்காகப் பாதி தூரம் வந்து திரும்பினேன். போலின் அண்ணன் உங்களிடம் இதைச் சொல்லவே இல்லையா? நாலு வருஷமாக நான் அசையாமல் இருந்தேன் என்றா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

பின்சார் இங்கே விமான நிலையத் தீயணைப்புப் பிரிவில் இருக்கிறார். மேடானுக்கு நேராகக் கோடு போட்டால் ஐயாயிரம் கிலோமீட்டர்கூட முழுதாக வராது, பெரிய விமானம் ஒன்று எங்கும் நிற்காமல் போனால் காலைச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவில் போய்விடலாம் என்பார். அப்படி ஒரு விமானம் இல்லை, யாரும் விடப்போவதும் இல்லை. ஆனாலும் அடிக்கடி சொல்வார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அப்பாவுக்காக நாளைக்கே வருவேன். ஒன்றை மட்டும் சொல். நாங்கள் வந்தால் பின்சாரும் நவுலியும் எங்கே உட்காருவார்கள்?

தியுர்மா

*

பாங்குருரான்
1995 ஏப்ரல் 15

இத்தோ,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அரிசிக் கடைக்குப் போனேன். போலின் மூட்டை தைத்துக்கொண்டிருந்தான்.

"தியுர்மா போன் பண்ணினாளா, அம்மா செத்தப்போ?"

"பண்ணினா."

"ஏன்டா சொல்லல?"

"நீங்கதான் அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னு இருந்தீங்களே. நான் எங்க போயி சொல்றது?"

அடிக்கத்தான் போனேன். ஆனால் அவன் சொன்னது உண்மை. வெறும் கையோடு திரும்பினேன்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பியாக் மழை வரும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். "கொழந்தைக்குக் காய்ச்சலாமா?" என்று கேட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல்! "இப்ப நல்லா இருக்காப்பா" என்றேன், எனக்கு என்னமோ தெரிந்ததுபோல.

உன் கேள்வியைக் குலத்துப் பெரியவர்களிடம் கொண்டுபோனேன். நீ வரலாம். குழந்தையும் வரலாம். அவன் நம் வாசல் மிதிக்கக் கூடாது. அவனும் சிமார்மாத்தா குலம், நீயும் சிமார்மாத்தா குலம். நீ என்னை எந்த முறை சொல்லிக் கூப்பிடுகிறாயோ அதே முறைதான் அவனும் உனக்கு. அண்ணன் முறையானவனோடு குடும்பம் நடத்துகிறவள் என்று இந்த ஏரிக்கரை முழுக்கச் சொன்னார்களே, அதையெல்லாம் கேட்டுக்கொண்டு இங்கேயே கிடந்தவன் நான். நீங்கள் இருவரும் விமானம் ஏறிவிட்டீர்கள். படகில் ஏறுகிறவர்கள் பாதி வழியில் பேச்சைத் தாழ்த்திக்கொண்டால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இதை உன்மேல் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தது. இப்போது எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

அதனால் நீ மட்டும் வந்துவிடு என்று எழுதலாம் என்றிருந்தேன். அப்பாவிடம் சொன்னேன்.

"பாதிப் பொண்ணு எனக்கு எதுக்கு?" என்றார்.

"அப்ப என்னப்பா பண்றது?"

"அவங்களால வர முடியாதுன்னா நான் போறேன்."

விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் எருமையை விற்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரிடம் ஓடினேன். மேலே காற்று குறைவு, இந்த இதயத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஏற்றம் இறக்கம் ஆகாது என்றார். அதையும் அப்பாவிடம் சொன்னேன். "டாக்டர் என்ன, கூட வரப்போறாரா?" என்கிறார்.

நீ சொன்னால் கேட்பார். வர வேண்டாம் என்று இரண்டு வரி எழுதிவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மருலாக்

*

மெராவ்கே
1995 மே 4

இத்தோ,

வர வேண்டாம் என்று அப்பாவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். என்னால் முடியவில்லை. நீயே சொல்லிப் பார். நீ சொல்லியும் கேட்காவிட்டால், கீழே எழுதியிருப்பதைப் படி. கேட்டுவிட்டால் இந்தத் தாளை அவர் கண்ணில் படாமல் வை.

முன்வரிசையில் இடம் கேள், கால் நீட்டிக்கொள்ளலாம். ஜகார்த்தாவில் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு நடை அதிகம். சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள், அவர் மாட்டேன் என்பார், நீ கேட்டு வாங்கு. உள்ளே குளிரும், கம்பளிச் சட்டை போட்டுவிடு. உஜுங் பாண்டாங்கில் ஒரு இரவு தங்கவேண்டி வரும். அங்கே படுக்கவைத்து, கால்களுக்கு அடியில் தலையணை வை. ஜயபுராவிலிருந்து இங்கே வரும் விமானம் சின்னது, குலுங்கும். மாத்திரை உன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், மூட்டையில் போடாதே.

இதையெல்லாம் எழுதிவிட்டு, கூட்டிவராதே என்றும் சொல்கிறேன். என்னை என்னவென்று நினைப்பாய்?

பின்சார் இரண்டு நாளாகத் தன் தொப்பியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். என்னவென்று கேட்டேன்.

"உங்கப்பா என்னைப் பாத்ததும் என்ன சொல்வாரு?"

"தெரியல. திட்டினாலும் திட்டுவார்."

"திட்டட்டும். இறங்கினதும் வெயில்ல அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். மேலதிகாரி சம்மதிச்சா தீயணைப்பு வண்டியிலேயே ஏத்திக்கிட்டு வந்துடறேன். உக்காந்துக்கிட்டே திட்டலாம்."

சிரிப்பும் அழுகையுமாக வந்தது எனக்கு.

நவுலி தன் வயது பிள்ளைகளிடம், எனக்கும் ஒரு தாத்தா வானத்திலிருந்து வருகிறார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

தியுர்மா

*

உஜுங் பாண்டாங் விமான நிலையம்
1995 ஜூன் 9, பிற்பகல்

இத்தோ,

இதை மெராவ்கே பக்கம் போகும் சரக்கு விமானத்து ஊழியர் ஒருவரிடம் கொடுக்கிறேன். தீயணைப்புப் பிரிவில் பின்சாரிடம் சேர்த்துவிடுங்கள் என்றேன். "நம்ம பின்சாரா?" என்றார். உன் வீட்டுக்காரரை இந்தப் பக்கம் வானத்தில் பறக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது.

எங்களுக்காக இன்று காத்திருந்திருப்பீர்கள். நாங்கள் வரவில்லை. பயப்படாதே, அப்பா இருக்கிறார். பக்கத்து அறையில் கட்டிலில் படுத்திருக்கிறார்.

நேற்று ஜகார்த்தாவை விட்டு ஏறியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாய்ந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். விமானப் பெண் ஒருத்தி பிராணவாயுக் குப்பியைக் கொண்டுவந்து, முகமூடியை அவர் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டே முழந்தாளில் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும் இங்குள்ள டாக்டர் பார்த்தார். மேலே போக வேண்டாம், ஒரு வாரம் கிடந்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குள் இன்று காலை எங்கள் விமானமும் போய்விட்டது.

திரும்பிவிடலாம் என்று நானும் முடிவு செய்தேன். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இங்க இருந்து நம்ம ஊரு எவ்வளவு தூரம்?"

"வந்த தூரம்தான்ப்பா."

"தியுர்மா வீடு?"

"அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்."

"அப்ப எந்தப் பக்கம் போனாலும் நெஞ்சுக்கு ஒண்ணுதானேடா. அவ இங்க வரைக்கும் வந்துட்டுத் திரும்பினா. நானும் திரும்பணுமா?"

நான் அந்த இடத்தில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன், இத்தோ. இந்தக் கட்டிடத்தில்தானே நீ குழந்தையை வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசியிருப்பாய்.

இன்னொன்று. கம்பளிச் சட்டை எடுக்க அவர் மூட்டையை அவிழ்த்தேன். அடியில் ஒரு உலோஸ் இருந்தது. கல்யாணத்தன்று மருமகன் தோளில் பெண்ணின் தகப்பன் போர்த்துகிற துணி. புதிது இல்லை, அம்மா உனக்காகப் பெட்டியில் எடுத்து வைத்திருந்தது. இதை அவர் போர்த்திவிட்டால், இந்தக் கல்யாணத்தை நம் வீடு ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஊருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. மடித்து, இருந்தபடியே வைத்துவிட்டேன்.

டாக்டர் எங்களைத் திட்டிவிட்டு, மேற்கொண்டு பயணம் செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு மூச்சு சீரானால் மூன்று நாளில் ஏறுகிறோம்.

மருலாக்

*

பாங்குருரான்
1995 ஜூலை 10

இத்தோ,

ஊர் வந்து சேர்ந்தேன். திரும்பும் வழியில் பக்கத்து இடம் எல்லா விமானத்திலும் காலியாகவே இருந்ததுபோலத் தோன்றியது. ஒன்றில் தடித்த வியாபாரி ஒருவர் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து தூங்கினார், ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

அங்கே இருந்தபோது வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன். அன்று விமானத்துப் படியில் அப்பா என் கையை உதறிவிட்டுத் தானாகவே இறங்கினார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்த மச்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மூட்டையைத் தரையில் வைத்து, அந்த வெயிலில், உலோஸை எடுத்து உதறி அவர் தோளில் போட்டார். "குனிப்பா, எனக்குக் கை எட்டல" என்றார். நான் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். தகப்பன் போர்த்தும்போது துணியின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியவன் அண்ணன். இறங்கி வந்து பிடிக்க எனக்கு மனம் வர எவ்வளவு நேரம் ஆனதென்று நீதான் பார்த்தாயே. ஆனாலும் வந்தேன். அதை நினைவில் வைத்துக்கொள்.

பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"உங்கப்பன் துணி போட்டானாமே?"

"போட்டார்."

"நீயும் பிடிச்சியாமே?"

"பிடிச்சேன்."

"அப்படின்னா உன் வீட்டு விசேஷத்துக்கு நாங்க யாரும் வரமாட்டோம்."

"சரிங்க. வர்றவங்க வரட்டும்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். வீட்டில் சொன்னதும் உன் அண்ணி, "நல்லதாப் போச்சு, அத்தனை பேருக்குப் பன்றி அடிச்சுச் சமைக்கிற வேலை மிச்சம்" என்றாள். போலின் மட்டும் மறுநாள் ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

ஒரு மாதம் கழித்து அப்பாவை அனுப்பிவை என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்போது வந்து அழைத்துக்கொள்ளட்டும்? வீட்டில் அவர் இருமல் சத்தம் கேட்காமல் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

மச்சானுக்கு என் அன்பு.

மருலாக்

*

மெராவ்கே
1995 ஆகஸ்ட் 20

என் இத்தோ,

அப்பா திரும்பி வரமாட்டார். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், மெதுவாகச் சொல்ல வழி இல்லை. இங்குள்ள டாக்டர், இன்னொரு முறை விமானத்தில் ஏற்றினால் இறங்கமாட்டார் என்று சொல்லிவிட்டார். கால் வீங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து கடை வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறார்.

அவருக்கு இது தெரியும். எங்கே அடக்கம் செய்வது என்பதை நானாக அவரிடம் கேட்கவில்லை, அவராகவே எடுத்தார். "ஊர்ல அம்மா பக்கத்துல எடம் இருக்கேப்பா" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

"உங்கம்மாவுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. அங்க மருலாக் இருக்கான், அவளைப் பாத்துக்குவான். இங்க எனக்கு நீ இருக்க. கணக்குச் சரியாப் போச்சு. அழாம மான்கறியப் போடு" என்றார்.

ஆமாம், இங்கே மான்கறிதான். அந்திலிமான் மிளகு இல்லாமல் இது என்ன கறி என்று தினமும் குறை சொல்லிவிட்டு இரண்டாம் முறை வாங்கிக்கொள்கிறார். கள் கேட்பதில்லை. எனக்கு அதுவே பயமாக இருக்கிறது.

மாலையில் பின்சார் வேலை முடிந்து வந்ததும் சதுரங்கப் பலகை விரிந்துவிடும். முதல் இரண்டு வாரம் பின்சார் மரியாதைக்காகத் தோற்றுக்கொண்டே இருந்தார். அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்ப்பா, தீயணைக்கப் போற எடத்துலயும் தீ ஜெயிக்கட்டும்னு விட்டுட்டு வருவியா? ஒழுங்கா ஆடு."

அன்று பின்சார் ஒழுங்காக ஆடி ஜெயித்துவிட்டார். அப்பா ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மாமனாரும் மருமகனும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடாக என் வீடு ஆகிவிட்டது.

ஜயபுரா விமானம் வரும் நேரத்துக்கு நவுலி அவர் கையைப் பிடித்துக் கடை வாசலுக்கு அழைத்துவந்து உட்கார வைக்கிறாள். இறங்கி வருகிறவர்களை எல்லாம் பார்க்கிறார். யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் சும்மா என்பார். நேற்று கடைசி ஆளும் போன பிறகு, "மருலாக் இதுல வரல" என்று நவுலியிடம் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

வா, இத்தோ. அவரை அழைத்துப்போக வேண்டாம், பார்க்க வா. அண்ணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. தந்தி வரட்டும் என்று காத்திருக்காதே. தந்திக்குப் பிறகு புறப்பட்டால் இந்தத் தூரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். தன் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டுமாம். சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறார். எழுதுகிறேன்:

"அவன்கிட்ட சொல்லு, வந்த வழியில நான் ஒண்ணையும் பாக்கல. மேடான்ல ஏறி உக்காந்ததுல இருந்து, ஒவ்வொரு விமானத்துலயும், சக்கரம் தரையத் தொடுற வரைக்கும் கண்ணைத் தொறக்கவே இல்ல. அவ்வளவு பயம். மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டேன், அவன் நான் கடலைப் பாக்குறேன்னு நெனச்சுக்கிட்டான். அவன் வரும்போது ஜன்னல் ஓரமா எடம் கேட்டு வாங்கட்டும். தூங்காம எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கிட்டு வரட்டும். எது மேலெல்லாம் நான் பறந்து வந்தேன்னு எனக்கு வந்து சொல்லணும்."